வண்ணக்கர் பிரின்செப்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

உங்கள் சட்டைப் பையில் ஒரு ரூபாய் நாணயம் இருக்குமானால் அதை எடுத்து, ஆண்டு பொறித்திருக்கும் இடத்திற்குக் கீழே சற்று உற்றுப் பாருங்கள். சிறிய சாய்சதுரம் இருந்தால் அது மும்பையில் பிறந்த காசு. விண்மீன் இருந்தால் ஐதராபாத். ஒற்றைப் புள்ளி இருந்தால் நொய்டா. ஒன்றுமே இல்லையென்றால் கல்கத்தா. கடுகளவே உள்ள இந்த அடையாளத்திற்கு அக்கசாலைக் குறி என்று பெயர். நாள்தோறும் பத்துக் கை மாறும் காசில் இப்படி ஒரு பிறப்புச் சான்றிதழ் ஒட்டியிருக்கிறது என்பதே கல்லூரிக்கு வரும்வரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நேர்ந்த கதையைச் சொல்லிவிட்டு, நான் எழுத வந்த மனிதரிடம் செல்கிறேன்.

என் அப்பாயியின் சுருக்குப்பையில் நான்கு வெள்ளிக் காசுகள் இருந்தன. அவருடைய தாய் கொடுத்தவை. மூன்றில் ஒரு வெள்ளைக்காரரின் தலை இருக்கும். நான்காவதில் தலை இல்லை. இருபுறமும் வளைந்து நெளிந்த எழுத்துகளே நிறைந்திருக்கும். கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்த ஆண்டு, விடுதிக் கட்டணத்திற்காக அப்பா அந்த நான்கையும் எடுத்துக்கொண்டு நகரத்திற்குச் சென்றார். கடைக்காரர் தலைக் காசு மூன்றையும் தராசில் இட்டார். பழைய வெள்ளியில் செம்பு அதிகம் என்று சொல்லி எடையில் கால் பங்கைக் கழித்தார். எழுத்துக் காசை இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்துவிட்டு, இது என்னவென்றே தெரியவில்லை, வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்பா ஒன்றும் பேசவில்லை. பேசுவதற்கு அவரிடம் என்ன இருந்தது? எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்களே அப்பாவும் நானும்தான்.

அப்பாயி பணத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. திரும்பி வந்த காசைக் கையில் வாங்கிக்கொண்டு, இதில் என்னதான் எழுதியிருக்கிறது என்று என்னைக் கேட்டார். கல்லூரியில் சேர்ந்துவிட்ட பேரனுக்கு இதுகூடத் தெரியாதா என்பது அவர் எண்ணம். எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று.

முதலாண்டு முழுவதும் அந்தக் கேள்வி என்னுடன் விடுதிக்கும் வகுப்பிற்கும் வந்துகொண்டிருந்தது. கல்லூரி நூலகத்தில் காசு பற்றிய நூல்கள் எதைப் புரட்டினாலும் ஒரு பெயர் குறுக்கே வந்தது. ஜேம்ஸ் பிரின்செப். வரலாறு படிக்கும் நண்பர்கள் இவரைத் தேர்வுக்காக அறிவார்கள். அசோகர் கல்வெட்டைப் படித்தவர் என்று ஒற்றை வரியில் எழுதி ஒரு மதிப்பெண் பெறுவார்கள். அவர் வாங்கிய சம்பளம் கல்வெட்டுப் படித்ததற்காக அன்று என்பதை அந்த ஒற்றை வரி சொல்வதில்லை. அவர் காசு பார்ப்பவர். உலைக்களத்தின் முன் நின்று, வெள்ளியில் எவ்வளவு வெள்ளி என்று கணக்கிட்டுச் சொல்வது அவர் உத்தியோகம். சங்க காலத்தில் காசின் தரம் பார்ப்பவரை வண்ணக்கர் என்றார்கள். புலவர் சிலரின் பெயரோடே அத்தொழிற்பெயர் ஒட்டிக்கொண்டிருப்பதைத் தமிழாசிரியர்கள் அறிவார்கள். ஆகவே இங்கிலாந்தில் பிறந்த இவரை நான் வண்ணக்கர் பிரின்செப் என்றே அழைக்கத் துணிந்தேன்.

1799-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை ஜான் பிரின்செப் வெறுங்கையோடு இந்தியா வந்து, அவுரிச் சாயத்தில் பொருள் குவித்துத் திரும்பியவர். வங்காளத்தில் கம்பெனிக்குச் செப்புக் காசு அடித்துக் கொடுத்தவரும் அவரே. வீடு நிறையப் பிள்ளைகள். ஜேம்ஸ் ஏழாவது மகன். பள்ளியில் படித்ததைவிட வீட்டில் உடன்பிறந்தாரிடம் கற்றதே அதிகம். பல்கலைக்கழகம் சென்று பட்டம் பெற்றவரல்லர். கட்டடக்கலை பயிலப் போனார். நுணுக்கமாக வரைவதில் கெட்டிக்காரர். ஆனால் கண் நோய் வந்து, அந்தப் படிப்பைக் கைவிட வேண்டியதாயிற்று. வேறு வழி தேடிய தந்தை, இந்தியாவில் நாணயச் சோதகர் வேலைக்கு இடமிருப்பதை அறிந்து, லண்டன் அரச அக்கசாலையில் தொழில் பழக அனுப்பினார். கண் பழுதானதால் ஒரு தொழிலை விட்டவர், கண்ணை நம்பியே நடத்த வேண்டிய மற்றொரு தொழிலுக்கு வந்து சேர்ந்தது விந்தைதான். 1819 செப்டம்பரில் கல்கத்தாவில் இறங்கினார். அப்பொழுது வயது இருபது. இக்கட்டுரையை எழுதும் எனக்கும் அதே வயது என்பதை எண்ணிப் பார்க்கும் பொழுது சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது.

அடுத்த ஆண்டே காசி அக்கசாலைக்குச் சோதகராக அனுப்பப்பட்டார்.

அவருடைய வேலை எத்தகையது என்பதை வேதியியல் மாணவன் என்ற முறையில் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். காசிலிருந்து சிறு துண்டை வெட்டி எடையிட்டு, அதைவிடப் பல மடங்கு ஈயத்துடன் சேர்த்து, எலும்புச் சாம்பலால் செய்த சிறு கிண்ணத்தில் வைத்து உலைக்குள் தள்ளுவார்கள். ஈயம் உருகிக் காற்றோடு சேர்ந்து ஆக்சைடாகும். வெள்ளியில் கலந்திருக்கும் செம்பையும் தன்னோடு இழுத்துக்கொண்டு சாம்பற் கிண்ணத்திற்குள் ஊறிவிடும். வெள்ளி மட்டும் ஊறாது. ஈயத்தின் கடைசிப் படலம் விலகும் கணத்தில், மேகம் விலகிய நிலவு போல வெள்ளி மணி பளிச்சென்று ஒளி விடும். அதை எடுத்து ஆறவைத்து மறுபடி எடையிட்டால், எடைக் குறைவே கலப்படத்தின் அளவு. கேட்பதற்கு எளிது. ஆனால் உலை அளவுக்கு மீறிச் சூடானால் வெள்ளியும் கொஞ்சம் ஆவியாகும், கொஞ்சம் கிண்ணத்திற்குள் ஊறும். நல்ல காசு மட்டக் காசாகிவிடும். சூடு போதாவிட்டால் ஈயம் முழுதும் நீங்காது. மட்டக் காசு நல்ல காசாகிவிடும். எவ்வளவு சூடு என்பதைச் சொல்ல அக்காலத்துச் சோதகருக்கு உலையின் நிறம் ஒன்றே வழி. செம்மஞ்சள், இளஞ்சிவப்பு என்று அவரவர் கண் சொன்னதுதான் கணக்கு.

கண்ணின் குறையை அறிந்தவராதலால் பிரின்செப் அதை மட்டும் நம்பியிருக்கவில்லை போலும். வெள்ளி உருகும் வெப்பநிலை ஒன்று. தங்கம் உருகுவது வேறு. பிளாட்டினம் உருகுவது மிக மேலே. வெள்ளியில் சிறிது சிறிதாகத் தங்கத்தைக் கூட்டியும், தங்கத்தில் சிறிது சிறிதாகப் பிளாட்டினத்தைக் கூட்டியும் வரிசையாகக் கலவைகள் செய்தார். அவற்றின் துணுக்குகளை உலைக்குள் வைத்தால், எதுவரை உருகிற்று, எது உருகாமல் நின்றது என்பதே வெப்ப அளவு. படிக்கட்டில் வெள்ளம் எந்தப் படிவரை ஏறியது என்று பார்ப்பது போன்ற உத்தி இது. 1828-ல் இந்த ஆய்வு லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது. அந்த ஆண்டே அவர் அச்சங்கத்தின் உறுப்பினர் ஆனார். வயது இருபத்தெட்டுதான். ஒரு கிரெயின் எடையில் ஆயிரத்தில் சில பங்கைக் காட்டும் நுண்தராசு ஒன்றையும் அவரே அமைத்தார்.

காசியில் பத்தாண்டுகள் இருந்தார். உத்தியோக நேரம் போக அந்நகரை ஒரு காதலியைப் போல நேசித்தார் எனலாம். தெருக்களை அளந்து வரைபடம் தயாரித்தார். தேங்கிய நீரை வெளியேற்ற நகரின் அடியில் சுரங்கக் கால்வாய் அமைத்தார். சாய்ந்துகொண்டிருந்த ஔரங்கசீப் மசூதியின் தூபிகளைச் செப்பனிட்டார். கர்மநாசா ஆற்றுக்குப் பாலம் கட்டினார். படித்துறைகளையும் திருவிழாக்களையும் தம் கையால் வரைந்து நூலாக வெளியிட்டார். கைவிட்ட கட்டடக்கலை இப்படியெல்லாம் அவரைத் தேடி வந்துகொண்டிருந்தது. 1830-ல் காசி அக்கசாலை மூடப்படவே கல்கத்தாவிற்குத் திரும்பினார். 1832-ல் தலைமைச் சோதகர் வில்சன் இங்கிலாந்து செல்ல, அந்தப் பதவி இவருக்கு வந்தது. ஆசியச் சங்கத்தின் செயலாளர் பொறுப்பும் வந்து சேர்ந்தது. அச்சங்கத்தின் இதழையும் அவரே நடத்தினார்.

அக்காலத்து ரூபாய்களின் குழப்பத்தை அறியாமல் பிரின்செப்பின் பணியை அறிய முடியாது. இன்று ரூபாய் என்றால் ரூபாய்தான். அன்று முர்ஷிதாபாத் சிக்கா ரூபாய் வேறு, காசி ரூபாய் வேறு, ஃபரூக்காபாத் ரூபாய் வேறு, சூரத் ரூபாய் வேறு, ஆர்க்காட்டு ரூபாய் வேறு. ஒவ்வொன்றுக்கும் எடை வேறு, மாற்று வேறு. காசில் அரசன் பட்டமேறி எத்தனையாவது ஆண்டு என்று பொறித்திருப்பார்கள். புதிதாக அடித்த ஆண்டில் வங்காளத்துச் சிக்கா ரூபாய் நூற்றுக்கு, கணக்கு ரூபாய் 116 கொடுப்பார்கள். ஓராண்டு கழிந்தால் அதே காசுக்கு 113. பிறகு 111. வெள்ளி குறையவில்லை, காசின் மேல் இருக்கும் ஆண்டு பழையதாகிவிட்டது, அவ்வளவுதான். இந்த வித்தியாசத்திற்கு வட்டம் என்று பெயர். வட்டம் பிடிப்பது சராப்புகளின் தொழில். உழவன் நெல் விற்று வாங்கிய காசை வரி கட்டக் கொண்டுபோனால், இது வேறு ஊர்க் காசு, இது போன வருடக் காசு என்று சொல்லி ஒரு பங்கை வாங்கிக்கொள்வார்கள். காசின் மேல் உள்ள எழுத்தைப் படிக்கத் தெரிந்தவன் பிழைத்தான். தெரியாதவன் கொடுத்தான். இதைப் படித்தபொழுது அப்பாவின் முகம் என் கண் முன் வந்தது.

வட்டத்தை ஒழிக்கக் கம்பெனியார் முதலில் ஒரு வேடிக்கையான வழியைக் கண்டார்கள். ஆண்டை அப்படியே நிறுத்திவிட்டார்கள். இரண்டாம் ஷா ஆலம் பட்டமேறிய 19-ஆம் ஆண்டு என்ற குறியை வங்காள ரூபாயில் நிரந்தரமாக்கினார்கள். 1806-ல் ஷா ஆலம் இறந்த பிறகும், காசில் மட்டும் அவருக்குப் பத்தொன்பதாம் ஆண்டே நடந்துகொண்டிருந்தது. ஊர்ப் பெயரும் அப்படியே. முர்ஷிதாபாத் என்று பொறித்த காசுகள் கல்கத்தாவில் அச்சாயின. ஃபரூக்காபாத் என்று எழுதிய ரூபாய் பிரின்செப் இருந்த காசியிலும் அடிக்கப்பட்டது. ஆகவே இக்காசுகளில் எழுத்தை மட்டும் படித்து, இந்த ஊர், இந்த ஆண்டு என்று தீர்மானித்தால் ஏமாந்து போவோம். விளிம்பில் உள்ள கோடுகள் சாய்வா, நேரா, அல்லது கோடே இல்லையா என்று பார்க்க வேண்டும். எழுத்துகளின் இடையே மீன் இருக்கிறதா, பூ இருக்கிறதா, பிறை இருக்கிறதா என்று தேட வேண்டும். மீன் காசிக்கு உரியது. நம் பக்கத்து ஆர்க்காட்டு ரூபாயில் தாமரை இருந்தால் ஆங்கிலேயர் சென்னையில் அடித்தது. பிறை இருந்தால் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் அடித்தது. ஆர்க்காட்டின் பெயரைச் சொல்லி இரு வெள்ளையர் கூட்டமும் காசு அடித்திருக்கிறார்கள்!

இந்தக் குழப்பத்திற்கு முடிவு கட்ட வேண்டும் என்று வாதாடியவர்களில் முதன்மையானவர் பிரின்செப். ஒரே எடை, ஒரே மாற்று, ஒரே ரூபாய் என்பது அவர் கொள்கை. 180 கிரெயின் எடை; அதில் 165 கிரெயின் தூய வெள்ளி, மிச்சம் பன்னிரண்டில் ஒரு பங்கு கலப்பு உலோகம். இந்த அளவு 1818-லேயே சென்னை அக்கசாலையில் வழக்கிற்கு வந்துவிட்டது என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. 1833-ல் அதே 180 கிரெயின் ஒரு தோலா என்று எடைக்கும் அடிப்படையாயிற்று. 1835-ஆம் ஆண்டுச் சட்டம் கம்பெனி ஆட்சி முழுவதற்கும் ஒரே ரூபாயைத் தந்தது. அதில் மொகலாய அரசரின் பெயர் மறைந்து, இங்கிலாந்து மன்னர் நான்காம் வில்லியத்தின் தலை ஏறியது. கணக்கு நேரானது நல்லதுதான். அந்தத் தலை எதற்காக ஏறியது என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது. பிரின்செப் எவ்வளவு நல்லவராயினும் கம்பெனியின் ஊழியர்.

இங்கே நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்பா விற்ற மூன்றும் அந்த 1835-ஆம் ஆண்டு ரூபாய்களே. தலைக்குக் கீழே கழுத்து வெட்டுப்பட்ட இடத்தில் மிகச் சிறிதாக எஃப் என்ற ஆங்கில எழுத்து இருந்ததைச் சிறு வயதில் விரல் நகத்தால் நெருடிப் பார்த்த நினைவு எனக்குண்டு. இவ்வகைக் காசுகளில் எஃப் அல்லது ஆர்.எஸ். என்ற எழுத்துகள் காணப்படும் என்பதைப் பின்னர் படித்தேன். 1835 என்ற ஆண்டும் உறைந்த ஆண்டே. 1840 வரை அதே ஆண்டைப் போட்டே அடித்தார்கள். இவை அரிய காசுகள் அல்ல. கோடி ரூபாய் போய்விட்டது என்று நான் புலம்பவில்லை. ஆனால் அவற்றில் செம்பு பன்னிரண்டில் ஒரு பங்குதான். கடைக்காரர் கழித்தது நான்கில் ஒரு பங்கு. பன்னிரண்டில் மூன்று கழித்திருக்கிறார். இரண்டு பங்கு அதிகம். சட்டம் போட்டு நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் எங்களிடம் ஒருவர் வட்டம் பிடித்துவிட்டார்.

பிரின்செப்பின் புகழுக்குக் காரணமான மற்றொரு பகுதிக்கு வருகிறேன். காசு பார்ப்பவர் என்று பெயர் பரவிவிட்டதால், நாடெங்கும் தோண்டி எடுத்த காசுகளைப் பலரும் அவருக்கு அனுப்பத் தொடங்கினார்கள். ரஞ்சித் சிங்கின் படையிலிருந்த இத்தாலியத் தளபதி வெந்துரா 1830-ல் பஞ்சாபின் மாணிக்கியாலாத் தூபியில் கண்டெடுத்தவை வந்தன. ஆப்கானிஸ்தானத்தில் சார்லஸ் மாசன் ஆயிரக்கணக்கில் சேகரித்தார். இந்தக் காசுகளில் ஒருபுறம் கிரேக்க எழுத்து, மறுபுறம் யாரும் அறியாத எழுத்து. கிரேக்கத்தில் மெனாந்தர் என்றிருந்தால் மறுபுறத்திலும் அந்தப் பெயர்தானே இருக்க வேண்டும்? இந்த வழியை முதலில் சுட்டியவர் மாசன். அதைப் பற்றிக்கொண்டு பிரின்செப் பல எழுத்துகளைப் பிடித்தார். அதுவே இன்று கரோஷ்டி எனப்படுவது.

மற்றோர் எழுத்து இருந்தது. டில்லித் தூணிலும் அலகாபாத் தூணிலும் பாறைகளிலும் ஆணி அடித்தாற்போல் நேர்நேர் கோடுகளாக நின்ற எழுத்து. பேரரசர்கள் அந்தத் தூணைப் பெயர்த்துக்கொண்டு வந்து நட்டார்கள். அறிஞர்களை அழைத்துக் கேட்டார்கள். ஒருவராலும் படிக்க முடியவில்லை. நூற்றாண்டுகளாக மக்கள் அதன் அருகில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். 1836-ல் ஜெர்மானிய அறிஞர் லாசன் அகதாக்கிளிஸ் என்னும் கிரேக்க அரசனின் காசில் அந்த எழுத்தில் இருந்த பெயரைப் படித்தார். முழு எழுத்தும் அப்பொழுதும் வசப்படவில்லை.

1837 மே மாதம். கல்கத்தாவின் கோடை. பிரின்செப் சௌராஷ்டிரத்துச் சிறு வெள்ளிக் காசுகளைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். இன்னாருடைய மகன் இன்னார் என்ற முறையில் பெயர்கள் வரும் காசுகள் அவை. இன்னாருடைய என்னும் பொருளைத் தரும் ஸ என்ற ஒலிக்குரிய எழுத்தை அதில் அடையாளம் கண்டிருந்தார். அந்த வேளையில்தான் சாஞ்சித் தூபியின் கல் வேலியிலிருந்து படியெடுத்த சிறு சிறு வரிகள் அவர் மேசைக்கு வந்தன. அச்சிடுவதற்காக அவற்றை வரிசைப்படுத்தும் பொழுது ஒன்றைக் கவனித்தார். ஏறக்குறைய எல்லா வரிகளும் ஒரே இரண்டு எழுத்துகளில் முடிந்தன. அவற்றின் முன்னால், காசில் கண்ட அதே ஸ. கோயில் வேலியில், தனித்தனிக் கல்லில், இன்னாருடைய என்று சொல்லி ஒரே சொல்லில் முடியும் வரி என்னவாக இருக்கும்? நம் ஊர்க் கோயிலில் டியூப் லைட்டின் மேல் எழுதியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உபயம் என்று நாம் எழுதுவதை அவர்கள் தானம் என்று எழுதியிருந்தார்கள். தா, ன, ம் என்று மூன்று ஒலிகள் ஒரு நொடியில் கிடைத்தன. மற்ற எழுத்துகள் பனை நுங்கைத் தோண்டியது போல் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. டில்லித் தூணைச் சில நாட்களில் படிக்கத் தொடங்கிவிட்டார்.

வடமொழி என்று எதிர்பார்த்தார், அது பிராகிருதம். பண்டிதர் கமலாகாந்த வித்தியாலங்காரரும், பாலி அறிந்த இலங்கையர் இரத்தினபாலரும் அவருக்குத் துணை நின்றனர். இவர்கள் பெயர் பாடநூல்களில் வருவதில்லை என்பது என் மனக்குறை. தூணில் பேசியவர் பியதசி என்னும் அரசர். அது யார்? இலங்கையில் பணியாற்றிய டர்னர், பாலி நூல்களிலிருந்து அது அசோகரின் பட்டப்பெயர் என்று கண்டு சொன்னார். அசோகர் என்ற பேரரசர் இப்படித்தான் மண்ணிலிருந்து எழுந்து வந்தார். 1838-ல் கிர்நார்ப் பாறையைப் படித்தபொழுது சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர், இலங்கையைக் குறிக்கும் தாமிரபரணி என்ற பெயர்கள் வரிசையாக வெளிப்பட்டன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நம் மூவேந்தர்களின் பெயரைத் தாங்கி நின்ற பாறை அன்றுதான் வாய் திறந்தது. மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளின் குகைகளில் இருக்கும் எழுத்து தமிழே என்று 1924-ல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் காட்டியதும், பெருவழுதி என்று பொறித்த பாண்டியர் காசும் மாக்கோதை என்று பொறித்த சேரர் காசும் பின்னர் படிக்கப்பட்டதும், பிரின்செப் திறந்த வாயிலின் வழியே நடந்தவை.

அவ்வளவுக்கும் பகலில் அக்கசாலை வேலையை அவர் விடவில்லை. உலை, தராசு, கணக்குப் புத்தகம். மீதி நேரத்தில் சங்கம், இதழ், கடிதங்கள், காசுகள். அவற்றைத் தாமே செப்புத் தகட்டிலும் கல்லச்சிலும் வரைந்தார். 1835-ல் ஹாரியட் என்னும் பெண்ணை மணந்திருந்தார். 1837-ல் மகள் பிறந்தாள். அந்தக் குழந்தையைத் தூக்கிக் கொஞ்ச அவருக்கு நேரம் கிடைத்திருக்குமா என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. 1838-ல் தலைவலி தொடங்கியது. அந்த ஆண்டு இறுதியில் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார்கள். மூளை நோயால் அறிவு மங்கியது. யாராலும் படிக்க முடியாத எழுத்தைப் படித்தவர், கடைசியில் தம்மைச் சுற்றி நடப்பதையே அறியாத நிலையில் ஓராண்டுக்கு மேல் கிடந்து, 1840 ஏப்ரல் 22 அன்று காலமானார். நாற்பது வயது நிறைந்து எட்டு மாதம். ஹூக்ளி ஆற்றங்கரையில் தூண்கள் நிறைந்த மண்டபத்தோடு ஒரு படித்துறையை அவர் நினைவாகக் கட்டினார்கள். இப்பொழுது வித்தியாசாகர் பாலம் அதன் பக்கத்தில் ஓங்கி நிற்கிறது. அவர் சேர்த்த காசுகளை 1847-ல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது.

எங்கள் வீட்டுக் காசை மறந்துவிடவில்லை. சென்ற பருவ விடுமுறையில் அப்பாயியிடம் கெஞ்சி அதை வாங்கி வந்தேன். பேராசிரியர் அனுமதியுடன் எங்கள் ஆய்வகத் தராசில் இட்டேன். 11.52 கிராம். நீரில் தொங்கவிட்டு எடையிட்டபொழுது 1.12 கிராம் குறைந்தது. ஒப்படர்த்தி ஏறக்குறைய 10.3. பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளிக்கு வர வேண்டிய எண்ணும் அதுவே. 180 கிரெயின் என்பது 11.66 கிராம், தேய்மானம் போக இதுவும் பொருந்துகிறது. பிறகு பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, மதரசாவில் அரபு படித்த என் வகுப்பு நண்பனுடன் விடுதி மாடியில் உட்கார்ந்தேன். அவன் வலமிருந்து இடமாக விரலை நகர்த்தி, முதலில் எண்களைப் படித்தான். ஹிஜ்ரி 1172, அதாவது 1758-59. ஆட்சியாண்டு 6. பிறகு ஆலம்கீர் என்ற பெயர். மறுபுறம் ஆர்க்காட். அந்த எழுத்துகளுக்கு இடையே, ஒரு மிளகளவு இடத்தில், இதழ் விரித்த தாமரை! ஆக, ஆர்க்காடு என்று எழுதியிருக்கிறது, அடித்தது சென்னையில். 1759 என்று எழுதியிருக்கிறது. ஆனால் இயந்திரத்தில் அடித்த வட்டமும் கோடிட்ட விளிம்பும் இது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக் காசு என்று காட்டுகின்றன. இதுவும் அரிய காசு அன்று என்றே நூல்கள் சொல்கின்றன. அதோடு எங்கள் வீட்டில் அதைப் பல்லாண்டுகளாகப் புளி போட்டுத் துலக்கியிருக்கிறார்கள். பழங்காசு சேர்ப்பவர்கள் காலத்தால் படிந்த மங்கல் நிறத்திற்கே மதிப்புக் கொடுப்பார்கள். தேய்த்துப் பளபளப்பாக்கிய காசைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். ஆகவே வெள்ளி விலைக்குமேல் கொஞ்சம் கிடைக்கலாம், அவ்வளவே.

தீபாவளிக்கு ஊர் சென்றபொழுது, திண்ணையில் உட்கார்ந்து அப்பாயிக்கு அதைப் படித்துக் காட்டினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டார். ஆர்க்காடு என்றதும் அது எந்தப் பக்கம் என்று கேட்டார். சொன்னேன். தாமரை இருக்கிறது என்றதும் காசை வாங்கி, கட்டைவிரலால் தடவி அந்த இடத்தைத் தேடிப் பிடித்தார். இத்தனை காலமும் அதை வேப்பம்பூ என்று எண்ணியிருந்தாராம். சுருக்குப்பையில் போட்டு முடிந்துகொண்டார். இனிமேல் புளி போட்டுத் துலக்க வேண்டாம் என்று நான் சொன்னதை மட்டும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் துலக்காத காசு வீட்டில் தங்காதாம்.